புயல் போன பிறகு: தண்டவாளமும் வீடும் (கேள்வி பதில்)

அமெரிக்க வளைகுடாக் கரையில் ரயில்பாதைப் பராமரிப்பில் பல வருடம் வேலை செய்தவன் நான். என் வீட்டுக்குள்ளும் ஒருமுறை இடுப்பளவு கடல்நீர் வந்து போயிருக்கிறது. ஹரிக்கேன் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வீட்டுக்குப் பின்னால் உள்ள தண்டவாளத்தில் தண்ணீர் வடிந்து நாலு நாளாகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் இன்னும் ரயில் விடவில்லை?

பதில்: உங்கள் கண்ணில் படுவது மேலே உள்ள இரும்பு. எங்களுக்குக் கவலை அதற்கு அடியில். தண்டவாளத்தைக் கட்டைகள் தாங்குகின்றன, கட்டைகளை ஜல்லி தாங்குகிறது, ஜல்லியை மண்கரை தாங்குகிறது. வெள்ளம் கரையைத் தாண்டி ஓடும்போது மறுபக்கச் சரிவை அரித்துக்கொண்டு போய்விடும். அரிப்பு பெரிதென்றால் இரும்பும் கட்டையும் அந்தரத்தில் தொங்கும், யாருக்கும் தெரியும். சின்ன அரிப்புதான் பொல்லாதது. மேலே எல்லாம் ஒழுங்காக இருக்கும், எஞ்சினின் எடை ஏறியதும் பாதை அமிழும். ஜல்லிக்குள் சேறு புகுந்திருந்தாலும் இதே கதைதான். அதனால் மதகு, பாலத் தூண்களின் அடிமண், சிக்னல் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ரயில் விடுவார்கள். தயவுசெய்து குழந்தைகளை அந்தப் பாதையில் நடக்க விடாதீர்கள்.

கேள்வி: வெயில் அடிக்கும்போதே ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். எங்கள் பயணமே கெட்டது. இவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டுமா சார்?

பதில்: வேண்டும். 1935 செப்டம்பர் 2 அன்று ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் புயலில் சிக்கியவர்களை மீட்க மயாமியிலிருந்து ஒரு ரயில் போனது. கிளம்பியதே தாமதம், வழியிலும் தாமதம். இஸ்லமொராடாவை அடைந்த நேரத்தில் கடல் பொங்கி வந்து பதினொரு பெட்டிகளையும் பாதையிலிருந்து தள்ளிவிட்டது. 447 எண்ணுள்ள எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. அந்தப் புயலில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீ வெஸ்ட் வரை கடல்மேல் போன அந்தப் பாதையை மறுபடி கட்டவே இல்லை. மாநில அரசு வாங்கி, 1938இல் அது சாலையானது. ஒரு மணி நேரம் பிந்தினாலும் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

கேள்வி: 2005இல் வந்த கத்ரீனா புயலுக்குப் பிறகு பாதைகளைச் சரிசெய்ய எவ்வளவு நாளானது?

பதில்: இடத்துக்கு இடம் மாறியது. நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பான்சர்ட்ரெய்ன் ஏரியின் மேல் நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் 5.8 மைல் பாலம் இருக்கிறது. 2005இல் பாலம் தப்பியது, மேலிருந்த தண்டவாளத்தின் பெரும்பகுதி ஏரிக்குள் விழுந்தது. கிரேன் வைத்து நீருக்குள்ளிருந்து தூக்கி, அதையே திரும்பப் பதித்து, இரண்டு வாரம் சொச்சத்தில் ரயில் ஓட்டினார்கள். கிழக்கே சிஎஸ்எக்ஸ் என்ற இன்னொரு சரக்கு ரயில் நிறுவனத்தின் பாதைக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்தப் பாதையில் பே செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் பாலத்தின் மேல்தளத்தையே கடல் கொண்டுபோயிருந்தது. அந்த வழியாக ஃபுளோரிடா போய்வந்த ஆம்ட்ராக் (பயணிகள் ரயில் நிறுவனம்) ரயில் அதோடு நின்றது. நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமாவின் மொபீலுக்கும் இடையே பயணிகள் ரயில் மறுபடி வந்தது 2025 ஆகஸ்டில்தான். இருபது வருடம்! சரக்கு ரயிலுக்கு இருந்த அவசரம் மக்கள் ரயிலுக்கு இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். சாண்டி புயல் வந்தது 2012இல். ஆற்றுக்கடியில் உள்ள ரயில் சுரங்கங்களில் இன்னுமா வேலை?

பதில்: ஆமாம், எல்லாம் கடல் உப்பால் வந்த வினை. தண்ணீரை இறைத்துவிடலாம், உப்பு கான்கிரீட்டுக்குள்ளும் கேபிளுக்குள்ளும் தங்கி வருடக்கணக்கில் அரிக்கும். ஹட்சன் ஆற்றுச் சுரங்கங்கள் 1910இல் திறந்தவை, அவற்றிலும் கடல்நீர் புகுந்தது. நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் பாதிக்கப்பட்ட சுரங்கங்களின் முழுச் சீரமைப்பு 2025இல்தான் தொடங்கியது.

உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். நனைந்த பிரேக்கர், சுவிட்ச், பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். மாற்றிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மின்சாரம் வேண்டாம். உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார் இருந்தால் வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.

கேள்வி: பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். பம்ப் வாடகைக்கு எடுத்துவிட்டேன், இன்றே காலி செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வெளியே மண் ஊறிப்போய்ச் சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே உள்ள தண்ணீர்தான் அதற்கு எதிராக நிற்கிறது. ஒரேயடியாக எடுத்தால் சுவர் உள்ளே விழலாம். வெளியே வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். நின்ற அளவைச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். காலையில் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் பொறுங்கள்.

கேள்வி: சுவரில் ஒரு அடிதான் தண்ணீர் நின்றது. துடைத்து ஃபேன் போட்டால் போதாதா?

பதில்: போதாது. ட்ரைவால் (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) தண்ணீரைத் திரி மாதிரி மேலே இழுக்கும். நின்ற அளவுக்கு மேலும் ஒரு அடியாவது வெட்டி, உள்ளே உள்ள பஞ்சையும் எடுத்துப் போடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். மரச்சட்டம் நன்றாக உலர்ந்த பிறகுதான் புதுப் பலகை. என் வீட்டில் நான் அவசரப்பட்டு மூடினேன். மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: மழை விடவில்லை. ஜெனரேட்டரை கராஜில் கதவைத் திறந்துவைத்து ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம் வையுங்கள்.

கேள்வி: தண்டவாளக் கட்டைகள் எங்கள் தோட்டத்தில் ஒதுங்கியிருக்கின்றன. அடுப்பெரிக்கலாமா?

பதில்: அவற்றில் கிரியோசோட் (மரம் உளுக்காமல் இருக்கப் பூசும் தார் எண்ணெய்) ஊறியிருக்கும், புகையே விஷம். எரிக்கவும் வேண்டாம், காய்கறிப் பாத்திக்கு வரப்பாகவும் வேண்டாம். ரயில் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள லெவல் கிராசிங்கில் நீலப் பலகையில் தொலைபேசி எண் இருக்கும். அப்புறம், புயலுக்கு முன் கேட் கம்பங்களைக் கழற்றிவைப்பது வழக்கம். கம்பம் இறங்கவில்லை என்பதால் ரயில் வராது என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எல்லாவற்றையும் இன்றே வெளியே எறிய வேண்டும் என்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

பதில்: அவருக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு பொருளையும் எறிவதற்கு முன் போட்டோ எடுத்து, மாடல் எண்ணோடு நோட்டில் எழுதட்டும். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக வெள்ளக் காப்பீடு இருந்தாலும், ஃபீமாவிடம் (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) உதவி கேட்டாலும், அந்த நோட்டும் படங்களும் கைகொடுக்கும். பழைய குடும்பப் போட்டோக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, பையில் போட்டு, மின்சாரம் உள்ள நண்பர் வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பல மாதம் கழித்துக்கூட அப்பாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.