யோவான் 19:30-இல் இயேசு சிலுவையில் சொல்லும் ‘முடிந்தது’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘கடன் முழுவதும் செலுத்தப்பட்டது’ என்று அர்த்தமா?

இல்லை. அந்த இடத்தில் ‘செய்ய வேண்டியது நிறைவேறியாயிற்று’ என்பதே பொருள்.

அங்கே உள்ள சொல் டெட்டெலெஸ்டாய். வினை டெலெயோ, முடிவு, இலக்கு என்று பொருள்படும் டெலொஸ் என்ற பெயர்ச்சொல்லோடு உறவுடையது. முன்னால் நிற்கும் ‘டெ’ முதல் மெய்யை இரட்டித்து வந்தது. கிரேக்க நிறைவுக் காலத்தின் (perfect tense) அடையாளம் அது. கடைசியில் உள்ள ‘டாய்’ படர்க்கை ஒருமை, செயப்பாட்டுவினை. எழுவாய் வெளிப்படையாக இல்லை. அதற்கு 28-ஆம் வசனத்தைப் பார்க்க வேண்டும்: ‘எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து’. அங்கேயும் இதே வடிவம்தான், எழுவாய் ‘எல்லாம்’. அதே வசனத்தில் வேதவாக்கியம் ‘நிறைவேறத்தக்கதாக’ என்பதற்கும் யோவான் வழக்கமான பிளெரோவோ என்ற வினையை விட்டுவிட்டு, டெலொஸ் குடும்பத்துச் சொல்லையே எடுக்கிறார். 17:4-இல் ‘கிரியையைச் செய்து முடித்தேன்’ என்பதும் அக்குடும்பமே. இத்தனையையும் சேர்த்துப் படித்தால், பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் ‘எல்லாம் நிறைவேறிற்று’ என்பது மூலத்துக்கு இன்னும் நெருக்கம் என்பேன். ‘முடிந்தது’ என்றால் ‘கதை முடிந்தது’ என்ற தோல்வித் தொனியும் தமிழில் ஒட்டிக்கொள்கிறது. கிரேக்கத்தில் அது கிடையாது.

கடன் செலுத்தியதற்கான ரசீதில் எழுதும் சொல் இது என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது? ரோமர் காலத்து எகிப்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சுங்கச் சீட்டுகள் பல ‘டெடெல்’ என்ற சுருக்கத்தோடு தொடங்குகின்றன. அதை முன்பு டெட்டெலெஸ்டாய் என்று விரித்தார்கள். இன்று பதிப்பாளர்கள் விரிப்பது டெடெலோனேடாய் என்று. அது டெலோனெயோ என்ற வேறு வினை. நம் வேதாகமத்தில் ‘ஆயக்காரன்’ (வரி வசூலிப்பவர்) என்று வரும் டெலோனேஸ் இருக்கிறாரே, அவருடைய தொழிலைக் குறிப்பது. சுங்கச்சாவடி வாசலில் சுங்கம் கட்டியாயிற்று என்பதே சீட்டின் செய்தி. கடன் தீர்ந்தது என்பதல்ல. டெலெயோவுக்கு வரி செலுத்துதல் என்ற பொருளும் உண்டு என்பது உண்மைதான் (மத்தேயு 17:24, ரோமர் 13:6). ஆனால் அங்கெல்லாம் வரியைக் குறிக்கும் சொல் கூடவே நிற்கிறது. 19:30-இல் அப்படி ஒன்றும் இல்லை.

இன்னொரு தவறு, ‘நிறைவுக் காலம் என்பதால் பலன் நித்தியமானது’ என்று இலக்கணத்தின் மேல் பாரத்தை ஏற்றுவது. செயல் முடிந்து, அதன் நிலை பேசும் நேரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே அக்காலம் சொல்லும். நம் ‘எழுதியிருக்கிறது’ அப்படிப்பட்டதே; மத்தேயு 4:4-இல் கிரேக்க கெக்ராப்டாய்க்குத் தமிழ் அழகாகப் பொருந்துவது அதனால்தான். எபிரெயர் 10:14-இல் ‘பூரணப்படுத்தியிருக்கிறார்’ என்பதும் நிறைவுக் காலமே. ஆனாலும் ‘என்றென்றைக்கும்’ என்பதை அந்த ஆசிரியர் தனியாகவே எழுதியிருக்கிறார்.