அண்ணையிட்டக் கேளுங்கோ: அயல்நாடும் கொள்கையும்

கேள்வி: அண்ணை, இந்தியா பஞ்சசீலம் (அடுத்த நாட்டு விசயத்தில தலையிடாமல் சமாதானமா இருக்கிறதுக்கான அஞ்சு கொள்கை), மனித உரிமை எண்டெல்லாம் கதைக்குது, அயல்நாடுகளோட நடக்கேக்க அதெல்லாம் உண்மையில வேலை செய்யுதோ, இல்லாட்டி எல்லாம் தங்கட லாபந்தானோ?
– ஒரு வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, வேலை செய்யுது, ஆனா ஒரு நாட்டிட்ட ஒரு கொள்கை மட்டும் இருக்கிறேல்ல, நாலைஞ்சு இருக்கும், அதில எது முன்னுக்கு வரும் எண்டது உள்நாட்டில ஆர் பிடிச்சுத் தள்ளுகினம் எண்டதில இருக்கு. 1996ல குஜ்ரால் வெளிநாட்டமைச்சரா இருந்தவர், சின்ன அயல்நாடுகளிட்டப் பதிலுக்கு ஒண்டும் எதிர்பாக்காமல் குடுக்கோணும் எண்டது அவற்ற கொள்கை. அந்த வருஷம் டிசம்பரிலயே பங்களாதேஷோட கங்கைத் தண்ணிக்கு 30 வருஷ ஒப்பந்தம் வந்திட்டுது. மேற்கு வங்கத்தில கங்கையை மறிச்சுக் கட்டின பராக்கா அணையில தண்ணி செக்கனுக்கு 70,000 கனஅடிக்குக் குறைஞ்சா ஆளுக்குப் பாதி, மார்ச் 11ல இருந்து மே 10 வரைக்கும் பத்துநாள் மாறி மாறி ஒவ்வொரு பக்கத்துக்கும் 35,000 கனஅடி உறுதி, இரணைமடுவில சிறுபோகத்துக்குப் பங்கு பிரிக்கிற மாதிரித்தான், அவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கினம். மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கூட நிண்டபடியாத்தான் அது சரிவந்தது. 2011ல தீஸ்தா ஆத்துக்கும் கையெழுத்து வைக்க ஆயத்தம், அப்ப மேற்கு வங்க முதலமைச்சரா இருந்த மம்தா ஏலாது எண்டிட்டா, அதோட நிண்டு போச்சு. நாடும் அதே, கொள்கையும் அதே!

எங்கட விசயமும் அப்பிடித்தான். ஜெனீவாவில ஐ.நா. மனித உரிமைச் சபையில 2012லயும் 2013லயும் இலங்கைக்கு எதிரா வாக்குப் போட்ட இந்தியா 2014ல வாக்குப் போடாமல் ஒதுங்கிச்சு, சர்வதேச விசாரணை வந்தவுடனை மனித உரிமை பின்னுக்குப் போய் இறைமை முன்னுக்கு வந்திட்டுது. 2013ல தமிழ்நாட்டில மாணவர் தெருவில நிண்டவை, திமுக மத்திய அரசை விட்டே வெளியில வந்தது, அந்த அமுக்கம் இல்லாமல் டெல்லி அந்த வருஷம் அசைஞ்சிருக்கும் எண்டு நான் நம்பேல்ல.

கேள்வி: அப்ப எங்களுக்காகக் குரல் குடுக்கிற தமிழ்நாட்டில இருந்து வாற இழுவைப்படகு ஏன் எங்கட வலையை அறுக்குது?
– ஒரு மீனவர், முல்லைத்தீவு

பதில்: நியாயமான கோவம் அண்ணை. கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையை இலங்கை 2017ல சட்டம் போட்டுத் தடுத்தது, ஆனாலும் வருகினம். அங்க படகு பிடிபட்டா அந்தக் குடும்பம் அழுறது டிவியில வருது, உங்கட வலை அறுந்தது அங்க ஒருத்தருக்கும் தெரியாது. டெல்லிக்கு மனு எழுதினா மட்டும் காணாது, எங்கட மீனவர் சங்கங்கள் சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் நேர இருந்து கதைக்கோணும், அங்கத்தை முதலமைச்சர் மனம் வைச்சா டெல்லியும் வழிக்கு வரும்.