கேள்வி–பதில்: பழைய நூறு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைத் தொட்டவை என்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் கிடாருக்கான வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் நெடுங்காலம் கிடார் வாசித்த பெரியவர் ஒருவரின் குடும்பத்தார், அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயரை விற்க முன்வந்திருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்கிறார்கள். பத்து ஆண்டுகளாக அதற்கு மின்சாரமே கொடுக்கவில்லையாம். நேரில் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? அங்கேயே பிளக்கைச் செருகி வாசித்துப் பார்க்கலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: விற்பவர் ‘போட்டால் ஓடும்’ என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அங்கே பிளக்கைச் செருகாதீர்கள். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட ட்வின் ரிவெர்ப் 117 அல்லது 120 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். ஏற்றுமதிக்கென்று செய்தவற்றில் வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. எனவே, பெரியவர் எந்த நாட்டில் வாங்கினார் என்று குடும்பத்தாரைக் கேட்பதைவிடப் பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே நம்பகமானது. இன்னொரு காரணமும் உண்டு. பத்து ஆண்டுகள் சும்மா கிடந்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் வலுவிழந்திருக்கும். அவற்றின்மேல் ஒரே நொடியில் 450 வோல்ட்டை ஏற்றினால் அவை ஷார்ட் ஆவதோடு நில்லாமல் பவர் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடக்கூடும்.

கண்டன்சர் போனால் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் தேடினால் ஈடு கிடைத்துவிடும். டிரான்ஸ்பார்மர் அப்படியல்ல. பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர் காசு கொடுப்பது பவர் டிரான்ஸ்பார்மர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஆகிய இரண்டுக்கும்தான் என்றே நான் கருதுகிறேன். வால்வும் கண்டன்சரும் ரெசிஸ்டரும் தேய்ந்துபோகிற பொருள்கள், மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பின்பலகையைக் கழற்றச் சொல்லி, கைவிளக்கை அடித்து முதலில் டிரான்ஸ்பார்மர்களைப் பாருங்கள். மேலோட்டமான துரு பற்றிக் கவலை வேண்டாம். மெழுகு உருகி வழிந்த தடமோ, கருகிய வார்னிஷ் வாடையோ இருந்தால் கவலைப்பட வேண்டும். அவற்றின்மேல் 606 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தால் அது ஷூமேக்கர் நிறுவனம் செய்தது என்று பொருள். அதற்கடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதன்பின் வருவது வாரம்.

1966 என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். முன்தகடு கறுப்பாக இருந்தால் 1967 அல்லது அதற்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு. வெள்ளி நிறத்தில் நீல எழுத்துகள் என்றால் 1968 அல்லது அதற்குப் பிந்தையது. மாஸ்டர் வால்யூம் என்று தனியே ஒரு குமிழ் இருந்தால் 1972-க்கு முன்னால் போகவே முடியாது. சந்தேகம் தீர, வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பொறித்துள்ள எண்ணைப் படியுங்கள். 1377415 என்று இருந்தால், 137 என்பது அந்தக் கன்ட்ரோலைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தைக் குறிக்கும், 74 என்பது 1974, 15 என்பது அந்த ஆண்டின் பதினைந்தாவது வாரம். ஆம்ப்ளிஃபயர் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, அந்தக் கன்ட்ரோலை யாரும் இடையில் மாற்றாத வரையில். குடும்பத்தார் பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. வீட்டுப் பழம்பொருளுக்கு வயது ஏறிக்கொண்டே போவது வழக்கம்தான். வெள்ளித் தகட்டு ட்வின்னும் நன்றாகவே பாடும், விலை மட்டும் அதற்கேற்பப் பேசப்பட வேண்டும்.

பிளக்கில் இரண்டு தட்டை முனைகள் மட்டும் இருந்தால் அதில் எர்த் இல்லை. அந்தக் காலத்துச் சுற்றில் மின்கம்பியின் ஒரு முனைக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டம்) இடையே ஒரு சிறு கண்டன்சரை வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் ஏறும் மின்சாரம் கிடாரின் கம்பி வழியாக உங்கள் கைக்கு வந்து, எதிரே இருக்கும் மைக்கை உதடு தொடும் கணத்தில் சுற்றை முடித்துக்கொள்ளும். வாங்கிய பின் செய்ய வேண்டிய முதல் வேலை, மூன்று கம்பி கேபிள் போட்டு, எர்த்தைச் சேசிஸில் இறுக்கி, அந்தக் கண்டன்சரை வெட்டி எறிவது.

120 வோல்ட் கருவிக்கு, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்கக் கன்வெர்ட்டர் உதவாது. 500 விஏ-க்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாமல், முடிந்தால் 750 விஏ அளவில், முதன்மைச் சுற்றும் துணைச்சுற்றும் தனித்தனியே சுற்றப்பட்டதாகவும் எர்த் முனை மறுபக்கம் வரை தொடர்வதாகவும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைக்கப்பட்டது. நம் 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு கூடுதலாகச் சூடாகும். ஆகவே 230-க்கு 120 தருவதைக் காட்டிலும் 110 தருவதை நான் விரும்புவேன். சுவரில் 240 வரும் வேளையில் முந்தையது 125 கொடுக்கும், பிந்தையது 115-ல் நிற்கும்.

முதல் முறை மின்சாரம் தருவதை வால்வு வேலை தெரிந்த ஒரு தொழில்நுட்பரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பாருங்கள். கண்டன்சர்களில் தங்கிய மின்சாரத்தை இறக்குவதற்கு ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடாமல், ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்கிறாரா? வயரிங் செய்பவர்கள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் பலகையில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, அதன் வழியாக மின்சாரம் தருகிறாரா? பல்பு பளீரென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல சகுனம். பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பவர் வால்வுகள் நான்கையும் கழற்றி வைத்துவிட்டு, அவற்றின் சாக்கெட்டுகளில் ஐந்தாவது பின்னில் மைனஸ் 50 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் நான்கிலும் வருகிறதா என்று பார்த்த பிறகே வால்வுகளைச் செருக வேண்டும். அந்த மைனஸ் வோல்ட் ஒரு சாக்கெட்டில் வராமல் போனால், அங்கே செருகிய வால்வின் சாம்பல் நிறத் தகடு அரை நிமிடத்தில் அடுப்புக் கரிபோலச் செக்கச் சிவந்துவிடும்.

கொண்டுவருவது பற்றி ஒரு சொல்: ஏறத்தாழ 30 கிலோ. ஆட்டோவின் பின்சீட்டில் படுக்க வைக்காமல், குட்டி யானை வண்டியில் நிமிர்த்தி வைத்து, வால்வுகளைத் தனியே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ‘1959 மார்ஷல்’ என்று சொல்லி 100 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை நண்பர் எனக்கு விற்றார். நான்கு ஸ்பீக்கர் கொண்ட 16 ஓம் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்றாவது மாடி அடுக்ககத்தில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தாரின் பகை இல்லாமல் அந்தப் பெயர்பெற்ற ஒலியைப் பெற வழி உண்டா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: 1959 என்பது ஆண்டு அல்ல, சூப்பர் லீட் என்ற அந்த ஹெட்டின் மாடல் எண். ஜிம் மார்ஷல் லண்டனில் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்ததே 1962-இல்தான்.

பெட்டியைப் பொறுத்தவரை, பின்னால் உள்ள ஓம் தேர்வியை 16-இல் வையுங்கள். இன்னொரு 16 ஓம் பெட்டியைச் சேர்த்தால் 8-இல் வைக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 25 வாட் தாங்கும் பழைய வகை என்றால் பெட்டி மொத்தம் 100 வாட் தாங்கும். ஆனால் 100 வாட் ஹெட்டை முழுக்கத் திருகி ஒலி கரகரத்து உடையும்படி வாசிக்கும்போது வெளிவருவது 100-ஐத் தாண்டிவிடும். மேடைகளில் ஒரு ஹெட்டுக்கு இரண்டு பெட்டிகளை அடுக்கியதில் தோரணையோடு இந்தக் கணக்கும் இருந்தது. ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் ஒருபோதும் ஓட்டாதீர்கள். போக வழியில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் அளவுக்கு எகிறி, காப்புப் பூச்சைத் துளைத்துவிடும். இணைப்புக்குக் கிடார் கேபிளையும் பயன்படுத்தக்கூடாது. தடித்த ஸ்பீக்கர் கேபிள் வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் கிடார் கேபிளை மாட்டிவிட்டு, கையில் சூடு தெரிந்த பிறகே உணர்ந்தேன்.

அண்டை வீட்டார் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல இயலவில்லை. நூறு வாட்டை ஐம்பதாக்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ஒலி பாதியாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது பத்து வாட்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே நான்கு பவர் வால்வுகளில் இரண்டை எடுத்துவிடுங்கள் என்ற வழக்கமான யோசனை அமைதியைத் தராது, வால்வுச் செலவை மட்டும் குறைக்கும். செய்வதானால் ஓரத்து இரண்டையோ நடு இரண்டையோ எடுத்து, 16 ஓம் பெட்டிக்குத் தேர்வியை 8-இல் வையுங்கள். இதில் மாஸ்டர் வால்யூமும் கிடையாது. ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் அட்டென்யுவேட்டர் வைப்பது ஓரளவு உதவும். 100 வாட் என்று குறித்ததை அல்ல, 150-க்கு மேல் தாங்குவதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் வால்வுகள் முழுமூச்சில்தான் உழைத்துத் தேயும். வாரம் ஒருமுறை வாடகைக்கு ஒத்திகை அறை எடுத்து அங்கே திறந்து விடுவதும், வீட்டில் 5 வாட் கருவி ஒன்றை வாசிப்பதுமே என் பரிந்துரை. ஞாயிறு மதியம் கீழ்வீட்டுத் தாத்தா படியேறி வருவதைத் தவிர்க்கலாம்.

பின்னால் வோல்ட்டேஜ் தேர்வி இருக்குமானால் அதைத் தொடுமுன் உங்கள் வீட்டுச் சுவரில் மாலையிலும் நள்ளிரவிலும் அளந்துவிடுங்கள். 220, 240 என இரண்டும் இருந்தால் 240-இல் வைப்பதே சென்னைக்குப் பாதுகாப்பு.

கேள்வி: புது வால்வுகள் போட்டால் ‘பயஸ்’ வைக்க வேண்டும் என்கிறார்கள். கடைக்காரரோ மாட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், கோடம்பாக்கம்

பதில்: முன்பகுதியில் உள்ள சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வுகளுக்குக் கடைக்காரர் சொல்வது சரி, ஐரோப்பியப் பெயரான இசிசி83 என்பதும் அதே வால்வுதான். பவர் வால்வுகளுக்கு அவர் சொல்வது தவறு. பயஸ் என்பது வாசிக்காமல் இருக்கும்போது வால்வு வழியாக எவ்வளவு மின்னோட்டம் ஓடலாம் என்று வரம்பு கட்டுவது. கணக்கு எளியது. மார்ஷலில் வரும் இஎல்34 என்ற பவர் வால்வின் தகடு தாங்கும் வெப்பம் 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். தகட்டில் 470 வோல்ட் இருந்தால், 17.5-ஐ 470-ஆல் வகுக்க, வால்வு ஒன்றுக்கு 37 மில்லி ஆம்பியர் வருகிறது. அது உச்சவரம்பு, அதற்குக் கீழே எங்கேனும் வைத்துக் காதால் முடிவு செய்யலாம். ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், அதன் குறுக்கே மீட்டர் காட்டும் மில்லி வோல்ட்தான் மில்லி ஆம்பியர். ட்வின்னில் வரும் 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும் என்றாலும், நம் ஊர் வெயிலில் அதை 35 மில்லி ஆம்பியருக்கு மேல் நான் விடமாட்டேன்.

வெள்ளித் தகட்டு ஃபெண்டர்கள் பலவற்றில் இருக்கும் திருகு வால்வுகளுக்கிடையே சமன் மட்டும் செய்யும், அளவை மாற்றாது. தொழில்நுட்பர் அதைச் சிறு வேலையில் மாற்றித் தருவார். அமெரிக்காவுக்குப் போன எழுபதுகளின் மார்ஷல்களில் இஎல்34-க்குப் பதில் 6550 வால்வுகள் இருந்தன. பயஸ் சுற்றை மாற்றாமல் அவற்றில் இஎல்34-ஐச் செருகக்கூடாது. வால்வுகளை நான்கும் ஒத்ததாக ஒரே தொகுதியில் வாங்குங்கள். இன்று அவை பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. ஐப்பசி மழை தொடங்கினால் என் பழைய ஃபெண்டரில் வாசிக்காமலே பொரிவது போன்ற ஓசையும், கூடவே ஓர் இரைச்சலும் வருகின்றன.
— வாசகர், திருவான்மியூர்

பதில்: பொரியும் ஓசைக்கு முதல் சந்தேகம் வால்வு சாக்கெட்டுகளின் மேல். உப்புக்காற்றில் அவற்றின் கவ்விகள் கறுத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, வால்வை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் பாதி நேரம் தீர்ந்துவிடும். தீராவிட்டால், உதிரிகள் பொருத்தப்பட்டுள்ள கறுப்பு நாரட்டை ஈரத்தை உறிஞ்சி, கடத்தக்கூடாத இடத்தில் மின்சாரத்தைச் சிறிது கடத்துகிறது என்று கொள்ளலாம். கருவி அணைந்து, கண்டன்சர்களும் இறக்கப்பட்ட பின், தொழில்நுட்பர் மிதமான வெப்பக்காற்றால் அதை உலர்த்திப் பார்ப்பார்.

இரைச்சலைக் கண்டறியக் கிடாரே போதும். தடித்த ஈ கம்பியை மூன்றாவது கட்டில் அழுத்தி மீட்டுங்கள். அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதனோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கண்டன்சர்கள் வற்றிவிட்டன என்று பெரும்பாலும் சொல்லலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் 50 ஹெர்ட்ஸ். எர்த் இணைப்பையோ ஹீட்டர் கம்பிகளையோ பார்க்கச் சொல்லுங்கள். கிடார் கேபிளை உருவிய பின் இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை. அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள்.