இணைந்த கணிதத்தில் ‘சி’: கெம்பஸ் கல்குலஸுக்கு அது போதுமா?

கேள்வி: “வணக்கம் சேர். எனக்கு ஊர் உப்புவெளி. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ‘சி’ எடுத்து, விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே கல்குலஸ் ஒரு பாடம். பரீட்சை எழுதி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, பாதி மறந்தும் போய்விட்டது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், எப்சிலன் டெல்டா என்று ஒன்று வரும், அதில்தான் எல்லாரும் ரிப்பீட் அடிப்பார்கள் என்று தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார். போகுமுன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இப்போதே ரியூசனுக்குப் போகட்டுமா? என்ன கல்குலேட்டர் வாங்குவது?”

‘சி’ போதும் பிள்ளை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் பாதிப் பயம் அந்த ஓரெழுத்தைப் பற்றியதாக இருக்கிறது. ஆனால் அந்த ‘சி’ எப்படி வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இணைந்த கணிதத்தின் இரண்டு தாளிலும் (தூய கணிதம், பிரயோக கணிதம்) ஏ பகுதியின் 10 கேள்வியும் கட்டாயம், பி பகுதியில் 7 கேள்விக்கு 5 செய்தால் போதும். தூய கணிதத் தாளின் பி பகுதியில் வகையீட்டுக்கு ஒன்று, தொகையீட்டுக்கு ஒன்று வருவது வழக்கம். ஆக, “தொகையீடு எனக்குச் சரிவராது” என்று அந்தக் கேள்வியைத் தொடாமலே ஒருவர் ‘சி’ எடுக்கலாம், ‘பி’யும் எடுக்கலாம். நீங்கள் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டு எவை? வகையீடும் தொகையீடும் அதில் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். இருந்தால் இந்த விடுமுறையில் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். கல்குலஸ் பாடத்தில் அந்த இரண்டையும் விட்டுவிட்டு ஒதுங்கிப்போக வேறு இடம் கிடையாது.

அடுத்தது, பலரும் நம்ப மறுக்கிற ஒன்று. முதல் செமஸ்டர் கல்குலஸில் விழுகிறவர்களில் அநேகர் பத்தாம், பதினோராம் வகுப்புக் கணக்கில்தான் விழுகிறார்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் வகையீடு சரியாகவே இருக்கும். கடைசி மூன்று வரியில், சுருக்கும்போது, எல்லாம் கவிழும். ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். “1-இன் கீழ் எக்ஸ், 2-ஐ விடப் பெரிது. எக்ஸ் எங்கே இருக்கும்?” பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கத்தையும் எக்ஸால் பெருக்கி, “எக்ஸ் அரையை விடச் சிறிது” என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். சரி, எக்ஸுக்கு −1 போட்டுப் பாருங்கள். அரையை விடச் சிறிதுதானே? ஆனால் 1-இன் கீழ் −1 என்பது −1. அது எப்படி 2-ஐ விடப் பெரிதாகும்? எக்ஸ் நேரா மறையா என்று தெரியாமல் சமனிலியைப் பெருக்கியதுதான் பிழை. மறை என்றால் குறி திரும்பிவிடும். சரியான விடை, எக்ஸ் 0-க்கும் அரைக்கும் இடையில். இந்த ஒரு பிழை கல்குலஸில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஒரு சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதே சமனிலி தீர்க்கிற வேலைதான்.

இன்னொன்று, 4-இன் மேல் ‘எக்ஸ் + 4’ இருந்தால் மேலும் கீழும் 4-ஐ வெட்டி எக்ஸ் என்று விடுவது. அது உண்மையில் எக்ஸின் நாலில் ஒரு பங்குடன் 1. கூட்டலுக்குள் இருப்பதை வெட்ட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது பக்கத்தில் அது கைக்கு மறந்துபோகும்.

ஆகவே ஒரு சுயபரிசோதனை செய்யுங்கள். கல்குலேட்டர் வேண்டாம் (உயர்தரத்திலும் உங்களுக்கு அது இருக்கவில்லையே), 40 நிமிடம். வர்க்கப்பூர்த்தி ஒன்று, பகுதிப் பின்னம் ஒன்று, மட்டுக்குறி வரும் சமனிலி ஒன்று, மடக்கைச் சமன்பாடு ஒன்று, சைன் இருமடிக்கோணத்தை வைத்து ஒரு திரிகோணகணிதச் சமன்பாடு, எக்ஸ் வர்க்கத்தை முதற் தத்துவத்திலிருந்து வகையிடுவது, சங்கிலி விதி ஒன்று, பகுதிகளாகத் தொகையிடல் ஒன்று. பழைய கொப்பியிலிருந்தே எடுங்கள். விடை வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், கை தடுமாறாமல் போகிறதா என்று பாருங்கள். விரிவுரையாளர் கரும்பலகையில் இதையெல்லாம் அரை வரியில் கடந்துபோவார். அந்த அரை வரியை நீங்கள் அவிழ்த்து முடிக்கிறதற்குள் அடுத்த தேற்றம் தொடங்கியிருக்கும்.

இனி புதிதாக என்ன வரும். எல்லை, தொடர்ச்சி, பெறுதி, தொகையீடு என்று தலைப்புகளைப் பார்த்தால் எல்லாம் படித்ததுபோலவே இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள். முதல் இரண்டு கிழமை “இது எங்களுக்குத் தெரிந்ததுதானே” என்று பின்வாங்கில் இருந்துவிட்டு, ஐந்தாவது கிழமையில் ஒன்றும் விளங்காமல் முழிக்கிறவர்களை ஒவ்வொரு பட்ச்சிலும் பார்க்கலாம். நானும் அப்படி முழித்தவன்தான். செமஸ்டருக்கு நடுவில் வைக்கிற முதல் இன்கோர்ஸ் பரீட்சையின் தாள் கைக்கு வந்தபோது ஒன்றுக்கு இரண்டு தடவை பெயரைச் சரிபார்த்தேன். உயர்தரத்தில் ‘எல்லையைக் காண்க’ என்பார்கள். இங்கே ‘எல்லை இதுதான் என்று நிறுவுக’ என்பார்கள். ரோலின் தேற்றம், சராசரிப் பெறுமானத் தேற்றம், டெய்லர் தொடர், லோப்பித்தால் விதி என்று வருபவற்றையும் எந்த நிபந்தனையில் அவை செல்லும் என்பதோடு சேர்த்துத்தான் கேட்பார்கள்.

லோப்பித்தால் விதியைச் சிலர் ரியூசனிலேயே படித்துவிட்டு வருவார்கள். சைன் எக்ஸின் கீழ் எக்ஸ், பூச்சியத்தில் அதன் எல்லை என்ன என்று கேட்டால் உடனே மேலும் கீழும் வகையிட்டு ‘1’ என்று போடுவார்கள். விடை சரி. ஆனால் சைனின் பெறுதி கொசைன் என்று காட்டுவதற்கே அந்த எல்லைதானே வேண்டும்? காட்ட வேண்டியதையே எடுத்துக்கொண்டு காட்டுவது நிறுவலாகாது. இது ஏன் செல்லாது என்று உங்களுக்கு விளங்கினால் பாடத்தின் பாதிக் குணம் விளங்கிவிட்டது.

அந்த எப்சிலன் டெல்டாவுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் கல்குலஸைக் கொண்டுவந்தபோது விடைகள் சரியாக வந்தன. ஆனால் ‘மிகச் சிறியது, ஆனால் பூச்சியமில்லை’ என்றால் என்ன என்று கேட்டால் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. 1734இல் பார்க்லி என்ற பாதிரியார் அதைச் சொல்லியே கிழித்தார். 1821இல் கோஷி ஓரளவு சீராக்க, பின்னால் வயர்ஷ்ட்ராஸ் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய மூளைகளுக்கே நூறு, நூற்றைம்பது வருடம் எடுத்த விஷயம் உங்களுக்கு இரண்டு கிழமையில் பிடிபடவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கருத்து மீன் சந்தைக் கருத்துதான். பாரை மீன் கிலோ 2000 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோ கேட்கிறீர்கள். “காசு 2000-இல் இருந்து 10 ரூபாய்க்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று நிபந்தனை போடுகிறீர்கள். தராசு எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? 10-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.005 கிலோ, அதாவது 5 கிராம். நிறை அந்த 5 கிராமுக்குள் நின்றால் காசும் உங்கள் 10 ரூபாய்க்குள் நிற்கும். “இல்லை, 1 ரூபாய்க்குள் வேண்டும்” என்றால் அரைக் கிராம். காசில் நீங்கள் கேட்கிற அந்த 10, அந்த 1, அதுதான் எப்சிலன். அதற்குப் பதிலாக மீன்காரர் நிறையில் தருகிற 5 கிராம், அரைக் கிராம், அதுதான் டெல்டா. நீங்கள் எவ்வளவு கெடுபிடியாகக் கேட்டாலும் அவரால் ஒரு டெல்டா தர முடியும், 2000-ஆல் வகுத்தால் சரி. ‘எக்ஸ் 1-ஐ நெருங்கும்போது 2000 எக்ஸின் எல்லை 2000’ என்பதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான். பரீட்சையில் இதையே வசனமாக எழுத வேண்டும். எப்சிலன் எதுவாகவும் இருக்கட்டும், அது நேர் எண். டெல்டாவை எப்சிலனின் கீழ் 2000 என்று எடுக்கிறேன். அப்படியென்றால் இப்படி, ஆகவே இப்படி. நேர்கோட்டுச் சார்பில் வகுத்தால் முடிந்தது. எக்ஸ் வர்க்கத்துக்கு வரும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதை லெக்சரில் பாருங்கள்.

தொடர்ச்சிக்கு எங்கள் திருகோணமலைப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ‘எக்ஸ் வர்க்கம் − 9’ என்பதை ‘எக்ஸ் − 3’ ஆல் வகுத்தால் எக்ஸ் 3 ஆகும் இடத்தில் மட்டும் ஓட்டை, பூச்சியத்தால் வகுக்க முடியாதே. ஆனால் இடப்பக்கமிருந்து வந்தாலும் வலப்பக்கமிருந்து வந்தாலும் 6-ஐத்தான் நெருங்குகிறோம். கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிப் போன காலத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். இந்தக் கரை வீதியும் அந்தக் கரை வீதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், நடுவில் தண்ணீர். 2009இல் 396 மீற்றர் பாலம் வந்தது, வீதி தொடர்ந்தது. அந்த ஓட்டையில் 6-ஐ வைப்பதும் அப்படிப் பாலம் போடுவதுதான். பஸ் கட்டணம் வேறு மாதிரி. ஒரு தரிப்பிடம் தாண்டியதும் கட்டணம் படியாக ஏறும், இரண்டு பக்கமும் ஒரே பெறுமானத்துக்கு வராது. அங்கே எந்தப் பாலமும் உதவாது.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். கணித ஆங்கிலம் சின்ன ஆங்கிலம், மொத்தமாக இருநூறு சொல் இருக்குமா என்பதே சந்தேகம். கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு நிரல் போடுங்கள். எல்லைக்கு லிமிட், பெறுதிக்கு டெரிவேட்டிவ், சமனிலிக்கு இன்ஈக்குவாலிட்டி, வரைவிலக்கணத்துக்கு டெஃபினிஷன், நிறுவலுக்கு புரூஃப். பெரிய சொற்கள் ஒரு மாதத்தில் பழகிவிடும். தொல்லை தருவது சின்னச் சொற்கள்: ‘ஃபோர் எவ்ரி’, ‘தெயர் எக்ஸிஸ்ட்ஸ்’. அவற்றின் ஒழுங்கு மாறினால் அர்த்தமே மாறும். “ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு திறப்பு இருக்கிறது” என்பது கடையில் எல்லாரும் காண்கிற விஷயம். “ஒரு திறப்பு இருக்கிறது, அது ஒவ்வொரு பூட்டையும் திறக்கும்” என்பது கள்ளனின் கனவு. எப்சிலன் டெல்டாவில் நடப்பது முதலாவது. ஒவ்வொரு எப்சிலனுக்கும் அதற்கேற்ற ஒரு டெல்டா. விளங்காத வசனத்தை இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் யோசிப்பதற்கு யாரும் புள்ளி வெட்டப்போவதில்லை.

நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். உங்கள் பாடம் 3 கிரெடிட் என்றால் 150. அதில் விரிவுரை ஏறத்தாழ 45 மணித்தியாலம். மிச்சம் 105-ஐ 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 7 மணித்தியாலம் நீங்களாக இருந்து செய்ய வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் கொப்பி பார்க்கமாட்டார்கள். உயர்தரத்தில் அந்த வேலையை ரியூசன் மாஸ்டர் அதட்டிச் செய்வித்தார், இங்கே அதட்ட ஆளில்லை. டியூட் (பயிற்சிக் கேள்வித்தாள்) தந்தால் வகுப்புக்குப் போகுமுன் ஒரு தடவையாவது முட்டிப் பாருங்கள். முட்டாமல் போய்ப் பார்த்து எழுதிய டியூட், அடுத்தவரின் கல்யாண அல்பம் பார்த்த மாதிரிதான். வரவில் கவனமாக இருங்கள், பல பீடங்களில் 80 வீதம் இல்லையென்றால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். இன்கோர்ஸுக்கு எத்தனை வீதம், இறுதிப் பரீட்சைக்கு எத்தனை வீதம், முதல் வருடப் புள்ளி ஜி.பி.ஏ. என்கிற சராசரிப் புள்ளியில் சேருமா என்பதெல்லாம் பீடத்துக்குப் பீடம் வேறு. மாணவர் கைந்நூலில் இருக்கும், அக்காமார் சொல்வதை விட அதை நம்புங்கள்.

ரியூசனுக்கு இப்போது போக வேண்டாம். யாரோ வேகமாக முடித்துத் தருகிற லோப்பித்தால் விதியால் வருகிற நன்மையை விட, நீங்களே மேசையில் இருந்து பழைய வினாத்தாள்களின் வகையீடு, தொகையீட்டுக் கேள்விகளில் ஒரு இருபதைச் செய்வதால் வருகிற நன்மை அதிகம். ஆங்கிலத்தில் கல்குலஸ் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் முழுப் பாடநூலே இலவசமாக இருக்கிறது. எல்லைகள் அத்தியாயத்தை மட்டும் இப்போது வாசியுங்கள். போன பிறகு சீனியர்மார் வைக்கிற குப்பிக்கு, அதாவது கூடியிருந்து படிக்கிற வகுப்புக்கு, வெட்கப்படாமல் போங்கள். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள், இன்று சூம் இணைப்பில் நடந்தாலும் பெயர் அதுதான். ஒன்று மட்டும், பரீட்சைக்கு முதல் நாள் குப்பியில் ‘வரப்போகிற’ ஐந்து கேள்வியை மட்டும் பாடமாக்கிவிட்டுப் போகாதீர்கள்.

கல்குலேட்டர். விலை கூடியது ஒன்றும் வேண்டாம், வரைபு கீறுகிறது வேண்டவே வேண்டாம். பரீட்சை மண்டபத்தில் எந்த மாதிரிக்கு அனுமதி என்று கேட்டுவிட்டு, சாதாரண சயன்டிஃபிக் ஒன்று வாங்குங்கள். வாங்கிய அன்றே அதன் கோண அலகை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றிவிடுங்கள். கல்குலஸில் சைனின் பெறுதி கொசைன் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. மாறியதா என்று பார்க்க சைன் 1 தட்டுங்கள். 0.8415 வந்தால் சரி. 0.0175 வந்தால் இன்னும் டிகிரியில்தான் கிடக்கிறது.