லைசென்ஸ் இல்லாமல் கிரேக்கத் தீவில் படகு எடுக்கலாமா?

கேள்வி: ஜூனில் குடும்பமாக நால்வர் கிரீஸின் கோர்ஃபு போகிறோம். ஒரு நாள் பக்கத்திலுள்ள பாக்சோஸ் தீவில் படகெடுத்து, கடலில் குளித்து, மீன் சாப்பிட்டுத் திரும்ப ஆசை. கேப்டனோடு வரும் படகைத்தான் சட்டம் அனுமதிக்கும் என்கிறார் டிராவல் ஏஜென்ட். உண்மையா?

பதில்: இல்லை. 30 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின் பொருத்திய சிறு படகுக்கு கிரீஸில் லைசென்ஸ் தேவையில்லை. உங்கள் ஏஜென்ட் சொல்வது கமிஷன் சட்டம். ஆனால் கோர்ஃபுவிலிருந்தே சிறு படகில் கிளம்பாதீர்கள், தூரம் அதிகம். ஃபெர்ரியில் பாக்சோஸின் காயோஸ் துறைமுகம் போய் அங்கே வாடகைக்கு எடுங்கள். அங்கிருந்து தெற்கே ஆன்டிபாக்சோஸ் தீவின் வூதூமி கடற்கரை அரை மணி நேரம்தான்.

வாடகையில் பெட்ரோல் பெரும்பாலும் சேராது. "நாள் வாடகை இவ்வளவுதான்" என்று குறைத்துச் சொல்பவரிடம் இதை முதலில் கேளுங்கள். முழு வேகத்தில் மணிக்குப் பத்து லிட்டர் குடிக்கும் எஞ்சின், பாதி வேகத்தில் அதில் பாதிகூடக் குடிக்காது. கிளம்பும்போது டேங்க் அளவைப் படம் எடுங்கள். எஞ்சினைத் தூக்கச் சொல்லி புரொப்பெல்லரை வீடியோ எடுங்கள். முந்தைய ஆள் பாறையில் இடித்த சொட்டைக்கு உங்கள் டெபாசிட் போவது அடிக்கடி நடக்கிறது.

விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அது இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். நீங்களே ஓட்டும் படகில் அடிபட்டால் அந்தப் பாலிசி செல்லுமா என்று கேட்டால் மட்டும் ஒருவர் வாயும் திறக்காது. மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நங்கூரத்தை வெள்ளை மணலில் போடுங்கள். கறுப்பாகத் தெரிவது கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லும் அழியும். மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் கயிறாவது விடுங்கள். எஞ்சினை அணைத்து, ஏணியை இறக்கிய பிறகே குதியுங்கள். ஏணி மேலேயே இருந்தால் தண்ணீரிலிருந்து படகில் ஏறுவது நீச்சல் தெரிந்தவருக்கே பெரும்பாடு.

இனி முக்கியமானது, காற்று. கோடையில் பிற்பகலில் வடமேற்கிலிருந்து மயிஸ்த்ரோ என்ற காற்று கிளம்பும், பொழுது சாயும்போது அடங்கும். வூதூமி கிழக்குப் பக்கம் இருப்பதால் தீவே அதை மறைத்துவிடும். தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், காற்றே இல்லை என்று நினைப்பீர்கள். இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள கால்வாயில் நுழைந்ததும்தான் அலை முகத்தில் அறையும். திரும்பும் வழி வடக்கே, அதாவது காற்றுக்கு எதிரே. காலையில் அரை மணியில் வந்த தூரம் மாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அதனால் காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்கெல்லாம் நீந்தி, சீக்கிரம் சாப்பிட்டு, இரண்டரைக்குள் கால்வாயைத் தாண்டுங்கள். கால்வாயில் நுரை வெள்ளையாகத் தெரிந்தால் விரிகுடாவுக்கே திரும்பி, வாடகைக்காரருக்கு போன் செய்யுங்கள். "வந்துவிடலாம்" என்று அவர் சொன்னாலும் உங்கள் கண்ணை நம்புங்கள், அவருக்கு மாலைக்குள் படகு வேண்டும். ஆபத்தென்றால் கடலோரக் காவல் 108, பொது அவசர எண் 112. ஓட்டுபவர், தான் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கட்-ஆஃப் கயிற்றைக் கையிலோ காலிலோ மாட்டியே இருக்க வேண்டும், வைனையும் கரை சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் ஒரே பொறி, மீன். மெனுவில் இருப்பது பெரும்பாலும் கிலோ விலை. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையைக் கேளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ கிரேக்கத்தில் 'கட்.' என்றோ இருந்தால் அது உறைய வைத்த மீன். சைவம் என்றால் தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ் 'கிகாண்டெஸ்' கேளுங்கள். கேட்காமலே மேஜைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு உண்டு. ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை. அந்த அறிவிப்பு மெனுவிலேயே அச்சாகியிருக்கும், விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.