கேளுங்கள், சொல்கிறோம்: அலைகள்

கேள்வி: காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் அலைகள் எப்போதும் கரைக்கு நேராகவே வருகின்றன. காற்று சாய்வாக அடிக்கும் நாட்களிலும் அப்படித்தான். ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஆழ்கடலில் அவை சாய்வாகத்தான் வருகின்றன, கரையை நெருங்கும்போது திரும்பிவிடுகின்றன. ஆழம் அலைநீளத்தின் பாதிக்குக் கீழே இறங்கியதும் கடலடி அலையைப் பாதிக்கத் தொடங்கும். அதன்பின் ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். 10 செக்கனுக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் சுமார் 156 மீற்றர், வேகம் செக்கனுக்கு 15.6 மீற்றர். 4 மீற்றர் ஆழத்தில் அந்த வேகம் சுமார் 6 மீற்றர்தான். சாய்ந்து வரும் முகட்டின் கரைப்பக்க முனை முதலில் தளர்கிறது. வெளிமுனை இன்னும் விரைவாக ஓடி வருகிறது. அதனால் முகடு வளைந்து கரைக்குச் சமாந்தரமாகிறது. ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது நடக்கும் முறிவும் இதுவே.

10 செக்கன் என்ற காலம் மட்டும் மாறாது. ஆகவே அலைநீளம் சுமார் 60 மீற்றராகச் சுருங்குகிறது, அலை உயர்கிறது. உயரம் ஆழத்தின் சுமார் 0.8 மடங்கை எட்டும்போது உடைகிறது. முகடு முற்றாக நேராவதில்லை. எஞ்சும் சிறு சாய்வே கரையோரமாக நீரோட்டத்தை உண்டாக்குகிறது. குளிப்பவர் இறங்கிய இடத்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பரிவுக் குழாய்ப் பரிசோதனையில் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையுடன் முதற் பரிவு நீளம் (குழாயின் வளி கவையுடன் சேர்ந்து அதிர்ந்து ஒலி முதன்முறை உச்சமாகும் நீளம்) 16.1 சென்றிமீற்றர் கிடைத்தது. அது கால் அலைநீளம் என்பதால் நான்கால் பெருக்கி, அதை 512 ஆலும் பெருக்கி, ஒலியின் வேகம் செக்கனுக்கு 330 மீற்றர் என்று எழுதினேன். புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பிழை என்கிறார்.
– உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. உங்களுடையது ஏமாற்றும் விடை. புத்தகத்தின் 330 ஏறத்தாழ 0 பாகை செல்சியஸ் வளிக்குரியது. ஒவ்வொரு பாகைக்கும் வேகம் செக்கனுக்குச் சுமார் 0.6 மீற்றர் கூடும். கொழும்பு ஆய்வுகூடத்தின் 30 பாகையில் 349 அளவில் வரவேண்டும்.

பிழை குழாயின் வாயில் இருக்கிறது. முரண்கணு, அதாவது வளி மிகக் கூடுதலாக அதிரும் இடம், சரியாக வாய்விளிம்பில் அமையாமல் சற்று மேலே அமைகிறது. 3 சென்றிமீற்றர் விட்டமுள்ள குழாயில் இந்த முனைத்திருத்தம் ஏறத்தாழ 0.9 சென்றிமீற்றர், அதாவது விட்டத்தின் 0.3 மடங்கு. ஒரே நீளத்தை அளந்து நான்கால் பெருக்கும்போது இந்தக் குறையும் நான்கு மடங்காகிறது.

எனவே இரண்டாவது பரிவையும் தேடுங்கள். 50 சென்றிமீற்றருக்கு அருகில் இருக்கும். 50.2 கிடைத்தால் இரண்டின் வித்தியாசம் 34.1. அது அரை அலைநீளம். முனைத்திருத்தம் கழிபட்டுப் போய்விடுகிறது. அலைநீளம் 0.682 மீற்றர், வேகம் 512 × 0.682 = 349.

செய்கையில் கவனிக்க வேண்டியவை: இசைக்கவையை மேசை விளிம்பில் அடிக்காமல் இறப்பர்க் கட்டையில் மெதுவாக அடியுங்கள், பலமாக அடித்தால் மேற்றொனிகளும் (512 ஹேர்ட்ஸை விட உயர்ந்த தொனிகள்) சேர்ந்து கேட்கும். வாய்க்குச் சற்று மேலே பிடியுங்கள், குழாயில் முட்டக்கூடாது. நீளத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். நடுவில் தொடங்குவோர் இரண்டாம் பரிவை முதலாவது என்று எழுதிவிடுவதுண்டு. ஒலி உச்சமாகும் இடத்தை மேலிருந்தும் கீழிருந்தும் அணுகிச் சராசரி எடுங்கள். அறை வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டால் விடையை ஒப்பிட வழியில்லை.

கேள்வி: 2004 சுனாமி கிழக்கிலிருந்து வந்தது. மேற்குக் கரைக்கும் எப்படி வந்தது?
– வாசகர், தெஹிவளை

பதில்: தீவு அதை மறைக்கப் போதாது. சுனாமியின் அலைநீளம் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றராக இருக்கலாம். அத்தகைய அலை தடையின் ஓரத்தில் வளைந்து பரவும். இதற்குப் பௌதிகவியலில் கோணல் என்று பெயர். கூடவே முறிவும் சேர்கிறது: 4000 மீற்றர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் முகடு, கரையோர ஆழமற்ற நீரில் தளர்ந்து, தெற்கு முனையைச் சுற்றி மேற்குப் பக்கம் திரும்புகிறது. நீர் வற்றியதும் கடற்கரைக்கு இறங்காதீர்கள். அடுத்த அலை 10 நிமிடத்திலும் வரலாம், ஒரு மணித்தியாலம் கழித்தும் வரலாம். முதலாவதை விடப் பெரிதாகவும் இருக்கலாம்.