பாராட்டியவர்கள் எங்கே இருந்தார்கள்?

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆஸ்திரேலியச் சிறுகதைகளில் காட்டுப்புறக் குடியேற்றப் பெண்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். ஹென்றி லாசனின் ‘மந்தையோட்டியின் மனைவி’யையும் பார்பரா பெய்ன்டனின் இரண்டு கதைகளையும் எடுத்திருக்கிறேன். “பெண்ணின் மனவலிமைக்கு இவை சான்று என்று முடித்துவிடுங்கள்” என்கிறார் நெறியாளர். எனக்கோ, அந்த வலிமையைப் பாராட்டுவதே அவர்களைத் தனியே விட்டுப் போனதற்கு ஒரு சாக்காகத் தோன்றுகிறது. தேவையில்லாமல் குழப்பிக்கொள்கிறேனா? அவரைப் பகைத்துக்கொள்ளாமல் இதை எப்படி எழுதுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாங்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நெறியாளர் சொல்வதும் பொய்யில்லை. வலிமையும் அதற்கான மெச்சுதலும் கதைகளிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் பெண்களை மெச்சியவர்கள், அவர்களுக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கதைக்குக் கதை தேடிப் பாருங்கள். தங்கள் கட்டுரைக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

முதலில் லாசன். 1892-ல் சிட்னியின் ‘தி புல்லட்டின்’ இதழில் வந்த இக்கதையில் நடப்பது மிகக் கொஞ்சம். இரண்டு அறை மரவீட்டின் அடியில் ஒரு பாம்பு புகுந்துவிடுகிறது. தாய் தன் நான்கு குழந்தைகளையும் அடுக்களை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் தடியும் தையல் கூடையும் ஒரு பெண்கள் பத்திரிகையுமாக, ‘அலிகேட்டர்’ என்ற நாயோடு விடியும்வரை விழித்திருக்கிறாள். கணவன் மந்தையோடு போய் ஆறு மாதமாகச் சேதி இல்லை. அந்த இரவில் அவள் நினைத்துப் பார்ப்பவற்றில்தான் உண்மையான கதை இருக்கிறது: கணவனின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு காட்டுத்தீயைப் பச்சைக் கிளையால் அடித்தது, வெள்ளத்தில் அணையைக் காப்பாற்ற மழையில் நின்று வாய்க்கால் வெட்டியும் அது உடைந்துபோனது, இறந்த குழந்தையைச் சுமந்தபடி உதவி தேடிப் பத்தொன்பது மைல் குதிரையில் போனது.

தாங்கள் நிறுத்திப் படிக்க வேண்டியது கணவனைப் பற்றிய வரிகளை. அவன் கவலையற்றவன், ஆனாலும் போதுமான அளவுக்கு நல்ல கணவன் என்கிறது கதை; தனக்குக் கல்யாணமானதைச் சில சமயம் மறந்துவிடுவான், கையில் நல்ல காசோலையோடு திரும்பினால் பெரும்பகுதியை அவளிடம் கொடுத்துவிடுவான் என்றும் சொல்கிறது. கதைசொல்லிக்கு அவன்மேல் கோபமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவன் இல்லாதது மழை பொய்ப்பதைப் போல, யாரையும் நோக முடியாத ஒரு காரியமாகச் சொல்லப்படுகிறது. ஞாயிறுதோறும் அவள் தன்னையும் குழந்தைகளையும் திருத்தமாக உடுத்திக்கொண்டு, பார்க்க எதுவும் இல்லாத, எதிர்ப்பட ஒருவரும் இல்லாத காட்டுத்தடத்தில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உலாவி வருவாள். பாம்பை அடித்ததைவிட இந்த இடத்துக்கே தாங்கள் அதிகப் பக்கம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்தத் தனிமைக்கு ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. நியூ சவுத் வேல்ஸின் 1861 நிலச் சட்டங்கள், 40 முதல் 320 ஏக்கர் வரை ஏக்கருக்கு ஒரு பவுண்டு விலையில், கால் பங்கை முன்பணமாகக் கட்டி நிலம் எடுக்க வழிசெய்தன. எடுத்தவர் அங்கே குடியிருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. நிலமோ பல இடங்களில் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. எனவே ஆண்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கவும் மந்தை ஓட்டவும் கூலிக்குப் போக, வீட்டையும் மாட்டையும் குழந்தைகளையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். லாசனின் மந்தையோட்டி ஒரு காலத்தில் வசதியாக இருந்து வறட்சியில் நொடித்தவன் என்பதால் அவன் கதை சற்றே வேறு. ஆனாலும் கூலி தேடிப் போகும் ஆணும் காவல் இருக்கும் பெண்ணும் என்ற ஏற்பாடு ஒன்றுதான்.

லாசனைப் பெண்களுக்கு எதிரானவர் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய தாய் லூயிசா லாசன், வேலை தேடி அடிக்கடி வெளியே போன கணவனோடு காட்டுப்புறத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். பின்னர் சிட்னிக்கு வந்து 1888-ல் ‘தி டான்’ என்ற பெண்கள் இதழைத் தொடங்கி, அச்சுக் கோர்க்கவும் பெண்களையே அமர்த்தி, வாக்குரிமைக்காகப் போராடினார். மகனின் முதல் நூலை 1894-ல் வெளியிட்டதும் அந்தத் தாயின் அச்சகம்தான். மகன் பார்த்து வளர்ந்தவற்றில் பொறுமை கதைக்குள் வந்தது. தாயின் கோபம் ஏன் வரவில்லை என்று தாராளமாகக் கேளுங்கள்.

அந்தக் கோபம் இருப்பது பெய்ன்டனிடம். முதல் கணவர் வீட்டில் வேலைக்கிருந்த பெண்ணோடு போய்விட, 1890-ல் விவாகரத்துப் பெற்றவர் அவர். ‘ஸ்குவீக்கரின் கூட்டாளி’ கதையில், கோடரியும் சம்மட்டியும் ஆப்புகளும் சுமந்து முன்னே நடப்பவள் பெண். பின்னால் சோம்பலாக வருபவன் ஸ்குவீக்கர். பாவாடை கட்டியவர்களில் இவளைப்போல் ஒரு கூட்டாளி கிடையாது என்று அக்கம்பக்கத்து ஆண்கள் மெச்சுகிறார்கள். மரக்கிளை விழுந்து அவள் முதுகு முறிந்ததும் அந்த மெச்சுதல் ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட உதவவில்லை. அவளைப் பின்புறத்துக் குடிசைக்கு மாற்றிவிட்டு, இன்னொருத்தியை வீட்டுக்குள் கொண்டுவருகிறான் அவன். நெறியாளரிடம் இக்கதையை முதலில் காட்டுங்கள். மனவலிமை என்ற முடிவுரை இங்கே தானாகவே தடுக்கி விழும்.

‘தேர்ந்தெடுக்கப்பட்ட பாத்திரம்’ இன்னும் கடுமையானது. ரோமம் கத்தரிக்கும் வேலைக்குக் கணவன் போயிருக்க, கைக்குழந்தையோடு தனித்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு வழிப்போக்கன் ஒருவன் வருகிறான். எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்று உணவோடு தன் தாயின் நகையையும் மேசைமேல் வைத்துவிட்டு அவள் ஒளிந்துகொள்கிறாள். அவன் இரவில் சுவர்ப் பலகையைப் பெயர்க்க, தூரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்டு, குழந்தையை அணைத்தபடி கதறிக்கொண்டு ஓடுகிறாள். குதிரையில் வந்த பீட்டர் ஹென்னஸி என்ற பக்திமானோ, நிலவொளியில் தெரிவது கன்னி மரியாளும் குழந்தை இயேசுவும் என்று நம்பி, நிற்காமல் போய்விடுகிறான். அவள் கொலையாகிறாள். கதையில் அவனுக்குப் பெயர் உண்டு, அவளுக்குக் கிடையாது. அவளைத் தெய்வமாகக் கண்டதால்தான் அவன் அவளைக் காப்பாற்றவில்லை.

இக்கதை 1896-ல் ‘தி புல்லட்டின்’ இதழில் வேறு தலைப்பில் வந்தபோது, ஹென்னஸியின் பகுதி வெட்டப்பட்டிருந்தது. 1902-ல் லண்டனில் வெளிவந்த தொகுப்பில்தான் அது இடம்பெற்றது. ஊர்பேர் தெரியாத ஒரு போக்கிரியைக் குற்றவாளியாக்குவதில் பத்திரிகைக்குச் சங்கடம் இருக்கவில்லை. நல்லவன் ஒருவனின் பங்கைச் சொல்லும் பகுதிதான் அச்சேறவில்லை. வெட்டியவர்களின் மனத்தில் என்ன இருந்ததோ, விளைவு இதுதான்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள். மந்தையோட்டியின் மனைவி பிரசவ வேளையில் காய்ச்சலோடு தனியே கிடந்தபோது உதவிக்கு வந்தவள் ‘கறுப்பு மேரி’ என்ற பழங்குடிப் பெண். அவளை அந்நாட்டிலேயே மிக ‘வெள்ளை’யானவள் என்று கதை புகழ்கிறது. யாருடைய நிலத்தில் அந்த வீடு நிற்கிறதோ அந்த மக்களில் ஒருத்திக்குக் கிடைத்த பாராட்டு அது. 1902-ல் கூட்டாட்சித் தேர்தலில் வெள்ளைப் பெண்கள் வாக்குரிமை பெற்றபோதும், மேரியைப் போன்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அச்சட்டம் அதை மறுத்தது. வலிமையைப் புகழ்வது யாருக்கு என்ன தந்தது என்ற தங்கள் கேள்வியை இவளிடமும் கேட்டே ஆக வேண்டும்.

நெறியாளரைப் பொறுத்தவரை, அவர் சொன்ன வாக்கியத்தை முடிவுரையில் வைக்காமல் முன்னுரையில் வையுங்கள். “இப்பெண்கள் வலிமையானவர்கள் என்பதில் ஐயமில்லை” என்று தொடங்கி, அந்த வலிமை ஏன் தேவைப்பட்டது என்று மூன்று கதைகளிலும் தேடிக்கொண்டு போங்கள். ஹென்னஸி பகுதி நீக்கப்பட்ட செய்தியை வரைவைக் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் நேரில் சொல்லி, அதைத் தனி இயலாக்கலாமா என்று அவர் கருத்தையே கேளுங்கள்.